தொடங்கி வைக்க ஆளில்லாத டாங்கோ

ஈரம் ஏறாமலிருக்க அலமாரிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பு ஃபியூஸ் ஆகிவிட்டது. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. இன்று காலை கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. அதற்கடியில் நாப்தலின் உருண்டையும் பழைய தோலும் கலந்த வாசனை. உங்கள் அக்கார்டியனின் துருத்தி மடிப்புகளில் சாம்பல் நிறமாகப் பூத்திருந்தது. துணியால் துடைத்தேன். உள்மடிப்பு வரை விரல் போகவில்லை.

உங்கள் ஊரான நடுவட்டத்தில் ஈரம் இன்னும் அதிகம் என்றுதான் இதைக் குன்னூரில் என்னிடம் விட்டுவைத்தீர்கள். குடை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

"குண்டு பல்பு இப்ப வர்றதில்லைங்க. எல்இடி கொண்டு போங்க, கரண்ட் மிச்சம்" என்றார் கடைக்காரர்.

"வெளிச்சம் வேண்டாம்ங்க. சூடுதான் வேணும்."

"ஏனுங்க, கோழிக்குஞ்சு வளக்கறீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டேன். விளக்கிச் சொல்லும் தைரியம் வரவில்லை. இதைக் கேட்டிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பீர்கள்.

நாம் நால்வரும் சேர்ந்து அர்ஜென்டினாவின் டாங்கோ நடன இசையை வாசித்தோம் என்று சொன்னால் இந்த ஊரில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். எனக்கே சில சமயம் நம்பிக்கையில்லை. நான் அருவங்காடு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோயமுத்தூரில் படித்த நாளில் கர்நாடக சங்கீத முறையில் வயலின் கற்றவன். ரோஸலின் டீச்சர் சர்ச்சில் பியானோ வாசிப்பவர். போஜன் கேரட்டும் உருளையும் போடுகிற விவசாயி. படகர் கல்யாணங்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். நீங்கள் இலங்கைத் தோட்டத்தில் பிறந்து, வாலிபத்தில் குடும்பத்தோடு கப்பலேறி வந்து, ஊட்டி கூடலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தோட்டத்து லய வரிசை வீடுகளில் யாரோ வைத்திருந்த ரேடியோவில் சிறு வயதில் கேட்ட அந்த இசை உங்களை விடவில்லை. டீச்சரின் பியானோ ஸ்டூலுக்குள் யாரோ துரை விட்டுப்போன டாங்கோ நோட்டுத் தாள்கள் கிடைத்ததும் எங்கள் மூவரையும் இழுத்து உட்காரவைத்தீர்கள். அதற்கென்றே உரிய பாண்டோனியன் என்ற வாத்தியத்தை நாம் யாரும் கண்ணால் கண்டதில்லை. உங்கள் அக்கார்டியன் அதன் இடத்தில் உட்கார்ந்தது.

அந்த முதல் மாதங்களை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கால் தானாகத் தாளம் போட்டது. டீச்சர் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் சபையார் மூச்சு வாங்கட்டும் என்பதுபோல நின்றார். போஜன் ஓடினார். டாங்கோவில் மத்தளம் கிடையாது, டிரம்ஸ் கிடையாது. காலத்தைப் பிடித்து நிறுத்த யாருமில்லை. நால்வரும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். நாம் பிடித்ததெல்லாம் வேறு வேறு காலம்.

"சார், நீங்க வயலின் வாசிக்கிறீங்களா, வாய்ப்பாடு ஒப்பிக்கிறீங்களா?" என்பீர்கள். "டீச்சரம்மா, வரிக்கு வரி ஆமென் சொல்லாதீங்க. அடேய் போஜா, பொண்ணு மாப்பிள்ளையே இன்னும் மண்டபத்துக்கு வரல, நீ ஏன்டா சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுற?"

"நான் ஓடலண்ணா. நீங்க மூணு பேரும் உக்காந்துட்டீங்க" என்பார் போஜன்.

நீங்கள் எண்ணிக்கை சொல்லித் தொடங்கியதே இல்லை. ஆயுசெல்லாம் பஸ்ஸுக்கு விசில் ஊதியவர், இங்கே வாயே திறக்கமாட்டீர்கள். துருத்தி மெல்ல விரியும். உங்கள் இடது தோள் சற்றே உயரும். கூடவே உங்கள் மூச்சும் உள்ளே போகும். அது நின்ற இடத்தில் நாங்கள் மூவரும் ஒன்றாக வாசிப்பில் விழுவோம். எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆய்வகத்துப் புத்தியோடு பல நாள் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பிடிபடவில்லை. பிடிபடாமலே சரியாக விழுந்தேன். வரிகளின் நடுவிலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது தாளை அல்ல, அந்தத் தோளை. மற்ற இருவரும் அப்படித்தான் என்று பின்னால்தான் தெரிந்தது.

கடைசி நாட்களில் ஊட்டி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு இருந்தீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் காத்திருக்க வேண்டியிருந்தது.

"நிறுத்திறாதீங்க சார். இனி நீங்க முன்னால நில்லுங்க."

"எனக்கு வராதுங்க."

"வரும். மூச்சு விடத் தெரியாத மனுசனா நீங்க?"

உங்கள் போர்வையைச் சரி செய்தேன்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுக்கு, "அவருக்குப் பிடிச்சதுல ஒண்ணே ஒண்ணு வாசிச்சாப் போதும்" என்று உங்கள் மனைவி கேட்டுக்கொண்டார். அந்த ஒன்று வந்துவிட்டால் பிறகு ஒவ்வொன்றாக வரும், நால்வர் மூவராகவாவது தொடரலாம் என்று நான் கணக்குப் போட்டேன். பல வாரங்கள் ஒத்திகை பார்த்தோம். சரியாக வரவில்லை என்பது எனக்குத் தெரியும். உங்கள் படத்துக்கு முன்னால் வந்துவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எந்த ஆதாரமும் இல்லை.

உங்கள் வீட்டு முன்னறையில் படத்துக்கு மாலை போட்டிருந்தது. டீச்சர் மடக்கு மேசையில் கீபோர்டை வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வில்லைத் தூக்கினேன். தூக்கியபோதே போஜன் தொடங்கிவிட்டார். இறக்குவேன் என்று டீச்சர் காத்திருந்தார். நான் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடி தூக்கினேன். மறுபடியும் அதே. கடைசியில் போஜன் கல்யாணக் கச்சேரியில் செய்வதுபோல "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று எண்ணிக் கொடுத்தார். சேர்ந்துதான் தொடங்கினோம். அணிவகுப்புக்கு வாசிப்பதுபோல விறைப்பாக இருந்தது. நாலைந்து வரி தாண்டியதும் டீச்சர் வரிக் கடைசியில் நின்றார். போஜன் ஓடினார். கீழே என் செருப்புக் கால் தட்டும் சத்தம் கேட்டது.

நீங்கள் எங்களை மாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். இல்லை. நீங்கள் இருந்தவரை அடக்கி வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான்.

யார் முடித்தது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாமல் நின்றுபோனது. உங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் அக்கறையோடு கேட்டார்: "முடிஞ்சிருச்சுங்களா தம்பி, இல்ல இனிமேத்தான் பாட்டா?"

"முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

போஜன் சிரிக்க முயன்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உங்கள் மனைவி டீ கொண்டு வந்தார். "அவர் இருந்தா உங்க மூணு பேரையும் ஏசியிருப்பாரு" என்றார். பிறகு, தம்ளரை என்னிடம் கொடுத்துக்கொண்டே, "அடுத்த வருசமும் வருவீங்கதானே சார்?"

வருவோம் என்றேன். டீச்சர் தன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அவர் பெங்களூரில் உள்ள மகள் வீட்டுக்கே போய்விட முடிவு செய்திருந்தது எனக்கும் போஜனுக்கும் தெரியும். திரும்பும் பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பைக்காரா தாண்டும்போது போஜன் மட்டும், "சார், நான் எண்ணியிருக்கக் கூடாதா?" என்றார். அது அவர் தப்பில்லை என்றேன். யார் தப்பும் இல்லை. அதனால்தான் திருத்தவும் வழியில்லை.

டீச்சர் போய்விட்டார். போஜன் எப்போதாவது கேரட் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, ரோட்டில் ஜீப் நிற்கிறது என்று போய்விடுவார்.

சாயங்காலங்களில் நான் தனியாக என் பகுதியை வாசிக்கிறேன். அந்தப் பாட்டில் முழு மெட்டு யாரிடமும் இல்லை. கொஞ்சம் என்னிடம், கொஞ்சம் டீச்சரிடம், பெரும்பகுதி உங்களிடம். என் தாளில் நாலு வரி இருக்கும், பிறகு வெற்றிடம். அங்கே நீங்கள் வாசிப்பீர்கள். அந்த இடம் வரும்போது வில்லை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். அங்கே உங்கள் வாசிப்பு எனக்குக் கேட்கிறது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கேட்பதில்லை. தகரக் கூரையில் மழை கேட்கிறது, பக்கத்து வீட்டு டிவி கேட்கிறது. இவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் அடுத்த வரியைத் தொடங்குகிறேன். முந்திவிட்டேனா, பிந்திவிட்டேனா என்று தெரியவில்லை.