நீங்கள் புகழ்ந்த மீன்

என்னவருக்கு,

நீங்கள் பத்திரிகையில் புகழ்ந்து எழுதிய லியோன் நகர உணவகத்துக்கு இன்று மதியம் போனேன். மீன் உருண்டைக்கு ஊற்றியிருந்த வெண்ணெய்க் குழம்பு நாறியது. வாயில் வைத்ததைக் கைக்குட்டையில் துப்பினேன்.

"வெண்ணெய் காறிப்போச்சே, வாடைகூடத் தெரியலையா?" என்று முதலாளி பாஸ்கலிடம் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரர் ரெண்டாவது தட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரே, மேடம். அவருக்குத் தெரியாததா?"

அவனிடம் லஞ்சம் வாங்கிவிட்டீர்கள் என்று நினைத்து அருவருப்போடு வீடு திரும்பினேன். அடுப்பில் வெங்காய சூப் அடிப்பிடித்து, வாசல்வரை தீய்ந்த நாற்றம். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை.

எத்தனை மாதமாக உங்களுக்கு வாசனையே தெரியவில்லை? நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாளை டாக்டரிடம் போவோம். அதுவரை எதையும் புகழ்ந்து எழுதாதீர்கள்.

உங்கள் மனைவி