சைக்கிள் டியூபும் உன் கம்பெனியும்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் குளியலறை ஓரத்தில் ஓடுகிற பழைய வாஷிங் மெஷினும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும், உன் கம்பெனி எப்படி இருந்தால் எனக்கென்ன.

அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, மாடியில் ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று, நீ அனுப்பிய ஸ்வெட்டர் எனக்குச் சின்னது அம்மாவுக்குப் பெரியது, அதனால் சண்டையில்லாமல் நாற்காலிக்குப் போட்டிருக்கிறோம். இனி பெரிய சேதி. போன வாரம் எங்கள் வாஷிங் மெஷின் சர்வீஸ் சென்டரில் மெக்கானிக்குகளான எங்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, நீ வேலை பார்க்கிற தலைமை அலுவலகத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி கேக் வெட்டினார். யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்பேனர் மாமா என் காதில் கேட்டார், பிறகுதான் தெரிந்தது எங்கள் வேலைக்குக் கடைசி நாளென்று. கம்பெனி இந்த நாட்டை விட்டே போகிறதாம். இத்தனை வருஷம் ஊர்த் துணியைத் துவைத்தவர்கள் ஒரே மத்தியானத்தில் எங்களைக் கை கழுவிவிட்டார்கள்.

ஏன் போகிறோம் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு பெண் மொழிபெயர்த்தாள். வரி, டாலர், பாதி விலைக்கு விற்கிற புதுக் கம்பெனிகள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். கடைசியில், இங்கே ஒருமுறை வாங்கியவர்கள் மறுபடி வாங்குவதே இல்லை, கதவு ரப்பர் கிழிந்தால் கம்பெனி ரப்பர் கப்பலில் வரும்வரை பொறுக்காமல் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிவிடுகிறார்கள் என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "இங்க மெஷினுக்கு வயசுதான் ஆகும், சாவு வராது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கேக் தொண்டையில் நின்றது. அது என் ஜோக், கண்ணு. உன்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. மொழி மாறிப் போய் மொழி மாறி வந்தும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

அன்றொரு ஞாயிற்றுக்கிழமை என்றுமில்லாமல் ஃபோனில் என் வேலையைப் பற்றி நோண்டி நோண்டிக் கேட்டாயே. மகளுக்கு அப்பா தொழில்மேல் பாசம் வந்துவிட்டதென்று, சாப்பாடு ஆறுவதாக அம்மா கத்தியும் கேட்காமல், டியூபை எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்பதுவரை பீற்றிக்கொண்டேன். உங்கள் மெஷின் ஒழுகாமலிருக்க நான் போட்ட டியூப் கடைசியில் என் கழுத்துக்கே வந்துவிட்டது.

அம்மா உன் கட்சி. மகள் தன் வேலையைச் செய்தாள், அவள் சொல்லாவிட்டாலும் போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள் என்கிறாள். இருக்கலாம். ஆனால் கம்பெனி போவது தெரிந்த பிறகும் வாராவாரம் என்னிடம் குளிரையும் மழையையும் பற்றிப் பேசினாயே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. ஸ்பேனர் மாமா வேறு, "உங்க பொண்ணு அங்கதானே இருக்கா, நமக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றார். சொன்னாளே, என் வார்த்தையைத்தான் சொன்னாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். அங்கே இப்போது ராத்திரி, தூங்குவாள் என்று சமாளித்தேன்.

நன்றாக இரு. குளிரில் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு ஓடாதே. பதவி உயர்வு வந்தால் மறைக்காதே, திட்டிக்கொண்டே சந்தோஷப்படுவோம். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஃபோன் செய். ஆனால் எடுத்ததும், கேட்பது மகளா கம்பெனியா என்று முதலில் சொல்லிவிடு. மகளென்றால் எல்லாம் சொல்வேன். கம்பெனியென்றால் ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

வாரண்டி முடிந்தும் ஓடிக்கொண்டிருக்கும்
உன் அப்பா