டோருவுக்கு எட்டு ஆட்டம்

16.08.1994, செவ்வாய்

ஒரு பொய்யை இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன். நான் பந்தடிக் கிளப்பில் ஆபிஸ் வேலை செய்வதாக ஈஸ்ட் ஹாம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது. பலசரக்குக் கடைக் கனகலிங்கம் அண்ணை என்னை "ஆபிஸர்" என்றே கூப்பிடுகிறார். உண்மையில் நான் அங்கே களிசான் தோய்க்கிறேன். விளையாடுகிற பதினெட்டுப் பேருடைய அரைக்களிசான், சேர்ட், காலில் மாட்டுகிற நாறல் மேசு. மெஷின்தான் தோய்க்கிறது, ஆனாலும் அதற்குள் போடுகிற கை என்னுடையதுதானே.

இன்று ருமேனியாவிலிருந்து ஒரு புது ஆள் வந்தான். பெயர் டோரு. விங்கராம். அதாவது கோட்டோரமாக ஓடுகிறவன், இவனுக்கு இடப்பக்கம். வந்ததும் வராததுமாக என் அறைக்குள் நுழைந்தான். கிளப்பில் தேத்தண்ணிக் கேத்தில் இருக்கிற ஒரே அறை அதுதான்.

"உனக்கு என்ன வேலை?" என்று ஓட்டை இங்கிலிசில் கேட்டான்.

"மனேஜருக்கும் மேலை," என்றேன் அதைவிட ஓட்டையில். "நான் தோய்க்காட்டி எல்லாரும் வெறும் மேலோடைதான் விளையாட வேணும்."

விழுந்து விழுந்து சிரித்தான். தேத்தண்ணிக்கு நாலு கரண்டி சீனி. எங்கடை ஆள்தான்.

27.08.1994, சனி

டோருவின் முதல் ஆட்டம். ஓட்டம் என்றால் அது ஓட்டம்! ஆனால் பந்து பத்து யார் தூரம் பின்னுக்கு நின்றது. "அதையும் கூட்டிக்கொண்டு போ ராசா, தனிய விட்டிட்டுப் போனால் அழும்," என்று பிறகு சொன்னேன். நனைந்த மேசால் எறிந்தான்.

08.10.1994, சனி

இரண்டு கோல் அடித்தான். களிசானில் ஒரு இறாத்தல் சேறு. சேற்றைப் பார்த்து நான் சந்தோசப்பட்ட முதல் நாள்.

14.01.1995, சனி

டோருவின் களிசான் சுத்தமாக வந்தது. நாலாவது கிழமை. ஆட்டத்தில் இறக்காமல் ஓரத்து வாங்கிலேயே இருத்தி வைத்திருக்கிறார்கள்.

20.02.1995, திங்கள்

டோரு இன்று தேத்தண்ணியைத் தொடவில்லை. மிச்சம் இருப்பது பத்து ஆட்டம். அதில் எட்டில் இறங்கினால்தான் கிளப் இவனுடைய வேர்க் பெமிற்றை, அதுதான் வேலை அனுமதியை, புதுப்பிக்கக் கேட்குமாம். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மனைவியும் மூன்று வயது மகளும் அங்கே பெட்டி கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

பதினேழு வயதில் ட்ராக்டர் தொழிற்சாலை அணியில் தொடங்கினவன். அந்த நாட்டில் ஆட்சி கவிழும்வரை வெளியே விளையாடப் போக விடவில்லை. விட்ட பிறகும் ஒரு கிளப் கிடைப்பதற்குள் நல்ல வயது போய்விட்டது. இப்போது இருபத்தொன்பது. விங்கருக்கு அது அறுபது மாதிரியாம்.

"முன்னுக்கு ஓடுறான், பின்னுக்கு ஓடி வாறானில்லை" என்பதுதான் மனேஜரின் குறை.

விசா விசயத்தில் நான் பேராசிரியர் அல்லவா? ஆறு வருசம் கடிதம் பார்த்துக் காத்திருந்தவன். என்ன சொல்லித் தேற்றுவது? வழக்கம்போலப் பகிடிதான் வந்தது. "டோரு, உன்ரை பெமிற் பின்னுக்குத்தான் நிக்குது. பந்து பறிபோன உடனை அதைப் பிடிக்கத் திரும்பி ஓடு."

சிரிக்கவில்லை. யோசித்தான்.

12.03.1995, ஞாயிறு

பத்தில் இரண்டு போய்விட்டது. இரண்டிலும் வாங்குதான். இனி ஒன்றுகூடத் தவற ஏலாது. ஒன்று தவறினாலும் கதை முடிந்தது.

வசந்தமலரிடம் சொன்னேன். என் மனுசிக்குப் பந்தடி தெரியாது. முருகனைத் தெரியும்.

"இஞ்சருங்கோ, மனோர் பார்க் கோயிலுக்கு நேர்த்தி வைக்கிறன்," என்று இருபது பென்ஸ் குற்றி ஒன்றை மஞ்சள் துணியில் முடிந்து தந்தாள். "எட்டும் முடிய உண்டியலிலை போடலாம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளையின்ரை உடம்பிலை இருக்கவேணும்."

"அவன் வேதக்காரனப்பா."

"முருகன் உங்களிட்டைக் கேட்டவரோ?"

18.03.1995, சனி

முடிச்சை டோருவின் களிசான் பட்டிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். அவனிடமும் சொன்னேன். சிலுவை போட்டுக்கொண்டு சரி என்றான்.

கடைசிப் பத்து நிமிடம் இறக்கினார்கள். பந்து பறிபோனதும் — திரும்பி ஓடினான்! எங்கள் கோல் வாசல்வரை ஓடிப்போய்ப் பறித்தான். மனேஜர் வாய்க்குள் இருந்த சுவிங்கத்தை விழுங்கிவிட்டார்.

ஒன்று.

29.04.1995, சனி

ஏழு. ஒவ்வொரு கிழமையும் தோய்க்கமுதல் முடிச்சைப் பிரித்தெடுத்து, பிறகு திரும்பத் தைத்து, எனக்கு இப்போது தையல்காரன் வேலையும்.

05.05.1995, வெள்ளி

நாளை கடைசி ஆட்டம். வசந்தமலர் பழைய துணி வெளிறிப் போச்சாம் என்று காசைப் புதுத் துணிக்கு மாற்றிவிட்டாள். கைலேஞ்சியளவு துணி, மஞ்சளில் ஊறி ஊறி, கூடவே ஒரு விரலி மஞ்சளும். காலையிலேயே தைத்து முடித்தேன். கனகலிங்கம் அண்ணை டிக்கெட் வாங்கிவிட்டாராம்: "ஆபிஸர், உங்கடை ஆபிஸையும் ஒருக்காப் பாக்கவேணும்."

பின்னேரம் மனேஜர் வந்தார். நாளைக்குப் படம் பிடிக்க வருகிறார்களாம், எல்லா உடுப்பையும் இன்னொருதரம் நல்ல சூட்டில் போடச் சொன்னார். அண்ணையை எந்த வாசலால் கூட்டி வந்தால் இந்த அறை கண்ணில் படாது என்று யோசித்தபடியே போட்டுவிட்டு வந்தேன்.

06.05.1995, சனி

டோரு தொண்ணூறு நிமிடமும் விளையாடினான். எட்டு. மனேஜர் ஆட்டம் முடிந்த கையோடு பெமிற் கடிதத்தில் கையெழுத்து வைத்தார். டோரு ஆபிஸ் போனில் மனைவியைக் கூப்பிட்டு அழுதான். பிறகு என்னைத் தூக்கினான். என் எடைக்கு அது சும்மா காரியம் அல்ல.

எங்கள் கிளப்பின் நிறம் வெள்ளை. இன்று பதினொரு பேரும் மஞ்சளில் இறங்கினார்கள். மாற்று உடுப்பு நீலம், எதிரணியும் நீலம், ஆகையால் வேறு வழி இருக்கவில்லை. படம் நன்றாக வந்திருக்கிறதாம்.

"இது என்ன?" என்று மனேஜர் கேட்டார்.

"மஞ்சள், சேர்."

"போகுமா?"

"போகாது, சேர்."

இடைவேளையில் ஒலிபெருக்கியில், லோன்றி குகதாசன் உடனடியாகத் தோய்க்கும் அறைக்கு வரவும், என்று என் பெயரை இரண்டுதரம் சொன்னார்கள். கனகலிங்கம் அண்ணை பக்கத்தில்தான் நின்றார். "போயிட்டு வாங்கோ, ஆபிஸர்," என்றார்.

மெஷின் நின்றுவிட்டது. இருபது பென்ஸ் குற்றி பம்புக்குள் இறுகியிருக்கிறது. திங்கள் விடுமுறை. முருகனுடைய காசை எடுக்க மெக்கானிக் செவ்வாய்க்கிழமை வருகிறார்.