இரண்டாவது விடுப்புக் கடிதம்

சரவணம்பட்டி,
12.10.2025, ஞாயிறு மதியம்

அன்புள்ள மாமாவுக்கு அன்புக்கரசி எழுதுவது.

நானும் உங்கள் மகள் வேனிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் வெயில் தணிந்ததா, உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? தினமும் போனில் பேசுகிறவளுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் வேனில் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் இல்லாத நேரத்தில் நீங்கள் வேலையில் இருக்கிறீர்கள். லீவுக்கு வந்த உமர் பாரூக் அண்ணன் செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிறார். அவரிடம் பருப்புப்பொடியும் முறுக்கும் கொடுத்துவிடுகிறேன், கூடவே இதையும். முறுக்கை அறையில் எல்லோரோடும் சாப்பிடுங்கள். இதைத் தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

வேனில் டியூஷன் போயிருக்கிறாள், ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். அதற்குள் முடிக்க வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இரண்டு வரி எழுதுவதற்குள் எழுந்துபோய் மாடியில் துணி காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். காய்ந்து ரொம்ப நேரமாகிறது.

நேற்று நீங்கள் டிசம்பரில் பத்து நாள் லீவு கிடைக்கும் போலிருக்கிறது, அந்தமானுக்கு டிக்கெட் போடட்டுமா என்று கேட்டீர்கள். அது அரையாண்டுப் பரீட்சை வாரம் என்றேன். போன தடவை மாதிரி ஏதாச்சு எழுதிக் குடுத்துப்போடு அம்மணி என்று சிரித்தீர்கள். கரண்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்தேன். கரண்ட் போகவில்லை.

போன தடவை என்ன எழுதிக் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. ஜூலையில் நீங்கள் வந்தபோது நான்கு நாள் வர்க்கலா போனோமே, அப்போது. இந்தப் பள்ளிக்கூடத்தில் ஊர் சுற்ற லீவு கிடையாது. டாக்டர் சீட்டு வேண்டும், இல்லாவிட்டால் நெருங்கிய சொந்தத்தில் சாவு. நீங்கள் வருவதற்கு முதல் நாள் உங்கள் அண்ணன் தாராபுரத்திலிருந்து தேங்காய் கொண்டுவந்திருந்தார். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு வேனிலிடம், பெரியப்பன் செத்துப்போட்டேன்னு எழுதிக்க கண்ணு, அப்படி எழுதுனா ஆயுசு கெட்டியாகுமாமா என்றார். எனக்கு இங்கிலீஷ் எங்கே வருகிறது? ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாமலே, முத்து முத்தா இருக்குது என்று அவள் முதுகைத் தட்டினார். நான் தடுத்திருக்க வேண்டும் மாமா. ஆனால் உங்களோடு நான்கு நாள் எனக்கு வேண்டியிருந்தது.

செப்டம்பரில் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து போய்விட்டார் என்று வள்ளியாத்தாள் அக்கா காலை ஏழு மணிக்குக் கூப்பிட்டபோது, வேனில் கணக்குப் பரீட்சைக்கு யூனிபார்ம் போட்டுக்கொண்டிருந்தாள். வகுப்பு மிஸ்ஸுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். என்ன சொல்வது? அவர்கள் நோட்டில் பெரியப்பா காளிச்சாமி ஜூலையிலேயே இறந்துவிட்டார். பொய் வெளியே வந்தால் பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்திக் கேட்பார்கள், டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்றெல்லாம் பயந்தேன். பரீட்சையை எழுதிவிட்டு வா, பக்கத்து வீட்டு அக்ஷிதாவின் அம்மா காரில் கூட்டிவருவார்கள் என்று அனுப்பிவிட்டு நான் தாராபுரம் கிளம்பினேன்.

சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்று நம்பினேன். நீங்கள் வர முடியாது என்று தெரிந்ததும், இனி யாருக்குக் காத்திருப்பது என்று ஒரு மணிக்கே எடுத்துவிட்டார்கள். வேனில் வந்து சேரும்போது வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். உங்களிடம் அவளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேனே, அது பொய். தூக்கி வளர்த்தவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை அவள் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம்.

அன்று அவள் வீட்டுக்குள் வரவில்லை, காரிலேயே உட்கார்ந்திருந்தாள். காரியத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டாள். போன வாரம் கணக்குப் பேப்பர் கொடுத்தார்கள். பெயரையும் நம்பரையும் தவிர ஒன்றும் எழுதவில்லை. மிஸ் என்னை நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இன்று காலை தலை பின்னும்போது, நான் எழுதுனதுனாலதானம்மா பெரியப்பா செத்துப்போனாரு என்று கேட்டாள். அழவில்லை, ரிப்பன் எங்கே என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள். உனக்கென்ன பைத்தியமா என்று கத்திவிட்டேன். கட்டிப் பிடித்திருக்க வேண்டும், கத்திவிட்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

நாளைக்கு மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதவைத்தது நான், தண்டனை எதுவானாலும் எனக்கு என்று சொல்வேன். என்ன செய்வார்களோ தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். அண்ணன் போனதிலிருந்து நீங்கள் அவர் பேச்சையே எடுப்பதில்லை. நான் எடுத்தாலும் அந்தமான், கப்பல், டிக்கெட் என்று போய்விடுகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. இங்கே நானும் துணியைத்தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் வாருங்கள். அந்தமான் வேண்டாம், தாராபுரம் போவோம். அண்ணன் இல்லாத வீட்டில் வள்ளியாத்தாள் அக்கா தனியாக இருக்கிறார். இந்தத் தடவை லீவு லெட்டரை நானே தமிழில் எழுதுகிறேன். பெரியப்பா செப்டம்பரில் இறந்தார், அவர் வீட்டுக்குப் பிள்ளையை அவள் அப்பா கூட்டிப்போகிறார் என்று. பரீட்சை இருந்தாலும், அவர்கள் லீவு தராவிட்டாலும் போவோம். உங்கள் கையைப் பிடித்தால்தான் அவள் அந்தப் படி ஏறுவாள். நீங்களும் அவள் கையைப் பிடித்தால்தான் ஏறுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். வந்துவிடுங்கள் மாமா.

உங்கள்
அன்புக்கரசி