நான்காம் நாள் கறுத்த எண்ணெய்

திருத்தங்கல்
18-9-1964

பம்பாய் மாநகரைத் தோளில் சுமக்கும் என் அன்பு மகன் கருப்பணனுக்கு, உன் சித்தப்பன் பெத்தணன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அப்பா, உன் அம்மா, செவலைப் பசு, நம் லாரி ஆகிய ஐந்து பேரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், லாரி மட்டும் கொஞ்சம் இருமுகிறது. அங்கே நீயும் சோறு தண்ணி குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. நீ பேண்ட் போட்டு எடுத்து அனுப்பிய போட்டோ வந்தது. உன் அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள், அன்றிலிருந்து அந்தச் சுவருக்குப் பல்லி கூட வருவதில்லை. ஆலங்குளத்தில் உனக்கு ஒரு பெண் பார்த்தோம், போட்டோவைக் காட்டினோம், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், ஆவணியில் யோசிக்கத் தொடங்கியவர்கள் இன்னும் யோசிக்கிறார்கள். அது கிடக்கட்டும். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவது விருதுநகர் பேட்டையிலிருந்து சிவகாசி வரை ஒருத்தரும் நம்ப மாட்டாத கதை. நம்ப மாட்டாய் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

நீ உன் ஆயில் கம்பெனிக் கிடங்கிலிருந்து ரயில் பார்சலில் அனுப்பிய இரண்டு டின் புது ஆயிலும் ஆடிக் கடைசியில் விருதுநகர் ஸ்டேஷனில் வந்து இறங்கின. கூடவே நீ எழுதிய நான்கு பக்கக் கடிதமும் வந்தது. உன் அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது, அவருக்கு இருப்பதெல்லாம் எண்ணெய் வாசனை. ஆகையால் வழக்கம்போல நான் லாரி ஷெட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டி, லோடு ஏற்றும் ஆட்கள் எட்டுப் பேரும் சுற்றி நிற்க, உன் கடிதத்தை அரண்மனைத் தீர்ப்பு மாதிரி வாசித்தேன். பழைய ஆயில் அழுக்கை இஞ்சினுக்குள்ளேயே தங்கவிடும், இது அழுக்கைக் கழுவும் மருந்து சேர்ந்த புதுச் சரக்கு, இனி இதையே ஊற்றுங்கள் என்று நீ எழுதியதைக் கேட்டு உன் அப்பா மீசையைத் தடவினார். உடனே டின்னை உடைக்கச் சொல்லி, விருதுநகரில் நாற்பது வருஷம் செக்கு ஓட்டிய பழக்கத்தில், ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு வெயிலில் பார்த்தார், உள்ளங்கையில் தேய்த்து மோந்தார், கடைசியில் நாக்கிலும் வைத்துவிட்டார். நல்லெண்ணெய் ஒரு சொட்டு நாக்கில் பட்டால் எள் எந்தப் புஞ்சையில் விளைந்தது, அதை உழுத மாட்டுக்குக் கொம்பு எத்தனை முழம் என்பது வரை சொல்லக்கூடிய நாக்கு அது. இஞ்சின் ஆயில் பட்ட பிறகு மூன்று நாள் அவர் விட்ட ஏப்பம் எல்லாம் ஹாரன் சத்தமாக வந்தது, தெருவில் போன மாட்டு வண்டிகள் ஒதுங்கி வழி விட்டன. ஆனாலும் சரக்கு நயம், தேன் மாதிரி இருக்கு என்று ஒப்புக்கொண்டார். டிரைவர் சங்கிலிமுத்து அதை இஞ்சினில் ஊற்றி, தீப்பெட்டி லோடு ஏற்றித் திருச்சிக்குப் போனான்.

நான்காம் நாள் காலையில் லாரி திரும்பி வந்தது. உன் அப்பா ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். மை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் பரீட்சை எழுதினாலும் மீதமாகும் அளவுக்கு மை. பழைய ஆயில் பத்து நாள் ஓடினாலும் கம்பியில் தேன் நிறம் தெரியும், இது நாலே நாளில் காக்காய்க்குச் சாயம் போடும் அளவுக்குக் கறுத்துவிட்டது. உன் அப்பா கம்பியைச் சங்கிலிமுத்து மூக்குக்கு நேரே நீட்டி, ஏலே, எண்ணெயில முங்கி எந்திரிச்சவன்லே நானு, நல்ல எண்ணெ நாலு வருசம் கெடந்தாலும் கறுக்காது, இது நாலே நாள்ல கறுத்துருமாக்கும், எம் மகன் அனுப்புன சரக்க மதுரையில வித்துப்புட்டு எவன் வண்டியிலயோ எரிஞ்ச எண்ணெய வாங்கி ஊத்திக்கிட்டு வந்திருக்கேலே என்றார். சங்கிலிமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, மொதலாளி, உங்க காலத் தொட்டுச் சொல்றேன், தம்பி அனுப்புன டின்னத் தவிர ஒரு சொட்டு உள்ள போகல என்றான். பதினோரு வருஷமாகப் பட்டாசு லோடு அடிக்கிறவன், லோடு மேல் இருக்கும்போது ஒரு பொறி படக்கூடாது என்று பீடியையே விட்டவன். அதெல்லாம் அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் காலை நேர வேடிக்கையைக் கெடுத்துக்கொள்ள எவனுக்கும் மனசு இருந்திருக்காது.

அப்போது அவன் என் பக்கம் திரும்பினான். சின்ன மொதலாளி, நீங்கதானே கடுதாசி வாசிச்சீக, இப்படிக் கறுக்கும்னு தம்பி ஒரு வார்த்தை எழுதலியா, படிச்சவுக எழுதாமலா அனுப்பிருப்பாக, கொஞ்சம் நெனச்சுப் பாருங்க என்றான். எட்டு ஆட்களும் என் வாயைப் பார்த்தார்கள். நான் மடியைத் தடவி, சட்டைப் பையைத் தட்டி, ஆகாயத்தைப் பார்த்து, அப்படி ஒண்ணும் எழுதலியேப்பா என்றேன். அவ்வளவுதான். உன் அப்பா காலில் கிடந்தது கைக்கு வந்தது, நான் எண்ணிய வரை ஏழு அடி, ஒவ்வொரு அடியின் சத்தத்துக்கும் சாத்தூரில் கதவு திறந்து யாரங்கே என்று கேட்டார்கள். அதோடு விட்டாரா. இஞ்சினிலிருந்த அந்தக் கறுப்பு எண்ணெயை மண்ணெண்ணெய் டின்னில் இறக்கச் சொல்லி, அவன் தலையில் கவிழ்த்தார். காக்கிச் சட்டை, முகம், கழுத்துக் கயிறு எல்லாம் ஒரே கறுப்பு. கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் அவன் கை தூக்கவில்லை. பெருமாளுக்குத் தைலக்காப்பு ஆச்சுடா, இனித் தீபாராதனைதான் பாக்கி, யாருகிட்டடா தீப்பெட்டி இருக்கு என்று ஒருத்தன் சொன்னான். ஷெட்டே குலுங்கச் சிரித்தார்கள். சொன்ன ஒருத்தன் நான்தான்.

மறுநாளிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. தீபாவளி சீசன் நேரத்தில் டிரைவர் கிடைக்காமல் கம்பெனிக்காரர்கள் அலைகிறார்கள், ஆனாலும் எண்ணெய் திருடினவன் என்று பெயர் வாங்கியவன் கையில் பட்டாசு லோடைக் கொடுக்க எவன் துணிவான். ஒரு வாரம் தினமும் வந்து ஷெட்டுக்கு எதிர்த்த வேப்பமரத்தடியில் நின்றான், உன் அப்பா பார்க்கவே இல்லை, எட்டாம் நாள் வரவில்லை. அவன் பெண்டாட்டி மாடத்தி விஸ்வநத்தத்துத் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் வைத்துக் கட்டை அடுக்குகிறாளே, அங்கே கூட இருக்கிறவளுக, என்ன மாடத்தி, உம் புருசன் கொண்டாந்த எண்ணெயில வடை சுட்டியாக்கும், எங்களுக்கு ரெண்டு கொண்டாரக் கூடாதா என்று தினமும் கேட்கிறார்களாம். அவள் குனிந்து கட்டையை அடுக்கிக்கொண்டே இருக்கிறாளாம். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வடைப் பேச்சைத் தொடங்கி வைத்ததும் அடியேன்தான். புது டிரைவர் ஒருத்தன் வந்திருக்கிறான், பீடியைக் கடித்துக்கொண்டே பட்டாசு லோடு மேல் தார்ப்பாய் கட்டுகிற வீரன்.

கறுப்பு எண்ணெயை இறக்கிய அன்றைக்கே உன் அப்பா பழைய ஆயிலுக்கு மாறிவிட்டார், போன வாரம் இஞ்சினையும் ஒரு தடவை பார்த்துவிடு என்று மெக்கானிக் நல்லசிவத்தைக் கூப்பிட்டார். அவன் அடியில் ஆயில் தங்கும் சட்டியைக் கழற்றினான். பழைய ஆயிலில் ஓடிய வண்டியில் அந்தச் சட்டியில் கரியும் பிசினும் இரண்டு விரல் கனத்துக்கு அப்பிக் கிடக்கும், வழித்தால் வடகம் பிழியலாம். இதில் பாதிக்கு மேல் கழுவி எடுத்தாற்போலத் தகரம் பளபளத்தது. நல்லசிவம் சட்டியை உன் அப்பாவிடம் காட்டி, அண்ணாச்சி, எண்ணெ கறுத்துச்சுன்னா அழுக்கக் கழுவிக்கிட்டு வந்துச்சுன்னு அர்த்தம், கறுக்காத எண்ணெதான் அழுக்க உள்ளயே விட்டுட்டு வருது, அந்த டிரைவர் பாவம் என்றான். உன் அப்பா அவனை மேலும் கீழும் பார்த்து, மதுரையில வித்ததுல உனக்கும் பங்கு வந்துச்சாக்கும் என்றார். நல்லசிவம் ஸ்பானரை வைத்துவிட்டுப் போய்விட்டான். உன் அம்மா மட்டும் அன்று ராத்திரிச் சோற்றை என் முன்னால் வைக்கும்போது தட்டைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

மகனே, இப்போது கவனமாகக் கேள். நீ இரண்டாம் பக்கத்துக் கடைசியில், இது நாலே நாளில் கறுக்கும், அப்பா பயந்துவிடப் போகிறார், முதலிலேயே சொல்லிவிடுங்கள் சித்தப்பா என்று எழுதியிருந்தாய். அன்று வாசிக்கும்போது அந்த வரி என் வாயிலிருந்து வரவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது, ஒரு காக்காய் குறுக்கே பறந்தது, தொண்டையில் ஒரு மிளகாய் விதை நின்றது, இப்படி நூறு காரணம் உண்டு. நல்லசிவம் போன பிறகு நான் உன் அப்பாவிடம் போய், அண்ணே, கருப்பணன் எழுதித்தான் இருந்தான், நான்தான் வாசிக்காம விட்டேன் என்று சொல்லியும் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போலே, உனக்கு எதுல வெளையாடுறதுன்னு ஒரு கணக்கே இல்லயா, அந்தக் களவாணிப் பயலுக்குப் பரிஞ்சு இப்ப இது ஒரு கதையாக்கும் என்றார். ஆட்களும் சிரித்தார்கள், நான் ஐம்பத்தெட்டு வருஷம் சொன்ன கதைகளில் இதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது. கடிதத்தை வேறு யாரையாவது வைத்து வாசிக்கச் சொல்லலாமே என்பாய். அந்தத் தாள் சங்கிலிமுத்து அடி வாங்கிய அன்றைக்கே அடுப்புக்குள் போய்விட்டது.

வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி சங்கிலிமுத்து வீட்டைக் காலி செய்துகொண்டு பெண்டாட்டி பிள்ளைகளோடு கொல்லத்துக்கு முந்திரி ஆபீஸுக்குப் போகிறான். ஊரை விட்டுப் போய்விட்டால் அப்புறம் அவன் சாகிற வரைக்கும் திருடன்தான், அவன் பிள்ளைகளும் திருடன் பிள்ளைகள்தான். உன் அப்பா இந்த உலகத்தில் நம்புகிறது இரண்டே இரண்டு, அவர் நாக்கு, உன் எழுத்து. ஆகையால் இது கண்டதும் ஒரு கடிதம் எழுது. அந்த ஆயில் கறுக்கத்தான் செய்யும், கறுத்தால்தான் அது வேலை செய்கிறது, டிரைவர் மேல் குற்றம் இல்லை, இதை முன்பே எழுதியிருந்தேன் என்று கொட்டை எழுத்தில் எழுது. உடைக்காத இன்னொரு டின் பாக்கி இருக்கிறது, அதை அவனைக் கூப்பிட்டு அவன் கையாலேயே ஊற்றச் சொல் என்றும் எழுது. தந்தி மட்டும் அடிக்காதே, தந்தி என்றால் உன் அம்மா உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஒப்பாரி தொடங்கிவிடுவாள். உறையின் மேல், தபால்காரர் இராமகிருஷ்ணன் நின்று வாசித்துக் காட்டவும் என்று எழுது. மறந்தும் என் கையில் வரவிடாதே.

அந்த ஊர்த் தண்ணியைக் காய்ச்சிக் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, இஞ்சின் ஆயில் வேண்டாம். கல்யாணம் கூடிவந்து, நீ என்னைப்போல் ஆகாமல், உன் அப்பனைப்போலும் ஆகாமல், நல்ல மனுஷனாக நூறு வயது இருக்க வேண்டும் என்று அந்தத் திருத்தங்கல் பெருமாளைக் கேட்டுக்கொள்கிறேன், என் பேச்சை அவர் காதில் வாங்குவாரா என்பது வேறு விஷயம். கடிதம் அவன் கிளம்பும் அந்த வெள்ளிக்குள் வர வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதே.

கடைசியாக ஒன்று. சாத்தூர்க் கதவு திறக்கவில்லை, அடி ஏழா பத்தா என்று நான் எண்ணவும் இல்லை. ஹாரன் ஏப்பம் பொய், காக்காய் பொய், மிளகாய் விதை பொய், கண்ணாடி அன்றைக்குத் துடைத்துவைத்த மாதிரி தெளிவாக இருந்தது. எண்ணெய் கறுக்கும்போது அண்ணன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் அந்த வரியைத் தாண்டினேன். மற்றபடி நடந்தது நடந்ததுதான், அதில் சின்னதாக ஒன்றை நீ கவனித்திருக்க மாட்டாய். சங்கிலிமுத்து என்னைப் பார்த்துக் கேட்டபோது நான் சட்டைப் பையைத் தட்டினேன். உன் கடிதம் அதற்குள்தான் இருந்தது.

இப்படிக்கு
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த,
உன் சித்தப்பன்
பெத்தணன்