என் தங்கை கொடி பிடிக்கவில்லை

செப்டம்பர் 9
இன்றுதான் மறுபடி பத்திரிகை ஆபீசுக்குப் போனேன். பிழை திருத்த முதலில் வந்ததே நடுப்பக்கக் கட்டுரை. நாற்சந்திக் கூட்டத்தில் வெடித்த குண்டைப் பற்றி. அதில் என் தங்கை. ‘கட்சிக் கொடியை ஏந்தியபடியே உயிர்விட்ட இளம்பெண்.’

கொடியா? கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து, பஸ்ஸுக்காக அந்தக் கூட்டத்தைக் கடந்து வந்தவள். கையில் சாப்பாட்டுப் பை.

அந்த வரியைச் சுழித்து, கட்டுரையை எழுதியவரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர்தான், சாவுக்கும் வந்திருந்தார். கொடி ஒரு சின்ன விஷயம் என்றார். இதை மறுத்தால் குண்டு வைத்தவனுக்குத்தான் வசதி என்றார்.

“சார், அவ எனக்குச் சின்ன விஷயம் இல்ல.”

செப்டம்பர் 10
அப்படியே அச்சாகிவிட்டது.

செப்டம்பர் 11
அம்மா அதை வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருக்கிறாள். கட்சிக்காரர்கள் வந்து, தியாகியைப் பெற்ற தாய் என்று கும்பிட்டார்களாம். சின்ன வயசிலிருந்தே அவளுக்குத் துணிச்சல் அதிகம் என்று பக்கத்து வீட்டில் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். யாருக்கு, அவளுக்கா? கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறி நிற்பவளுக்கா?

சிரிப்பு வந்தது. அப்புறம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா இன்னும் அழவில்லை.

செப்டம்பர் 14
ஆசிரியரிடமே போனேன். கடை முதலாளியைக் கேட்டார், போலீஸ்காரர்களைக் கேட்டார். திருத்தம் போட ஒத்துக்கொண்டார்.

அம்மாவிடம் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாமே.

“செத்தவளுக்கு ஒரு நல்ல பேரு கெடைச்சது. அது உனக்குப் பொறுக்கலையாடி?”

பொறுக்கலதான். அந்தப் பேரு அவளோடது இல்லையேம்மா... வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

செப்டம்பர் 17
ஏழாம் பக்க மூலையில், பொடி எழுத்தில். ‘வருந்துகிறோம்.’

செப்டம்பர் 18
எதிர்க்கட்சிப் பேச்சாளர் டிவியில் எங்கள் பத்திரிகையைத் தூக்கிக் காட்டினார். பிணத்திலும் பொய் சொல்கிறவர்கள், இனி குண்டு வெடித்ததையே எப்படி நம்புவது என்றார்.

கட்டுரை எழுதியவர் என் மேஜையருகே வந்து நின்றார். ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்வார் என நினைத்தேன். “சாப்டியாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

யாருக்காக இதைச் செய்தேன்? அவளுக்காகவா? அவள் கேட்டாளா?

செப்டம்பர் 19
அம்மா தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள்.

செப்டம்பர் 25
அஞ்சலிக் கூட்டத்துக்குக் கூப்பிடக் கட்சிக்காரர்கள் வந்தார்கள். அம்மா மேடையில் உட்கார வேண்டுமாம். சுருட்டிக் கொண்டுவந்த பேனரை விரித்தார்கள். தங்கை சிரிக்கிறாள், கையில் ஒரு கொடியை ஒட்டவைத்திருக்கிறார்கள். நான் அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. வந்தால் மறுபடி சண்டைதான்.

அம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம்.

“இது அவ கை இல்லப்பா” என்றாள். “அவ உங்க கூட்டத்துக்கு வரல. வீட்டுக்கு வந்துட்டிருந்தா.”

அவர்கள் பேனரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்குத்தான்டி வந்துட்டிருந்தா, வீட்டுக்குத்தான் வந்துட்டிருந்தா என்று அதையே சொல்லிச் சொல்லி.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.