ஈரச் சுவரில் உன் பெயரை எழுதியவன் நான்தான்

என் பாசமுள்ள சன்னாசி மச்சானுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. பேப்பரில் உன் போட்டோவைப் போடப் போகிறாள் உன் மகள் மல்லிகா. கீழே நாலு வரி எழுதினால் போதுமே என்றேன். "போதாது மாமா, முழுசா எழுதுங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது போகப் போகத் தெரியும். நான் இடத்தை அடைத்துக்கொண்டதால் உன் போட்டோ சின்னதாகிவிட்டால் கோபித்துக்கொள்ளாதே. அந்த மூஞ்சியைப் பெரிதாகப் போட்டு ஜனங்களை ஏன் பயமுறுத்த வேண்டும்?

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த சன்னாசி என் பெண்டாட்டியின் அண்ணன். வெள்ளம் புகுந்த வீடு, தீப்பிடித்த கடை என்று யார் கூப்பிட்டாலும் கூலாயிலிருந்து கெலாங் பாத்தா வரைக்கும் எங்கள் வேன் போய் நிற்கும். சேற்றை அள்ளுவோம், ஊறிப்போன பலகைகளை அறுத்தெடுப்போம், காற்றாடியும் ஈரம் உறிஞ்சும் மெஷினும் போட்டுச் சுவரைக் காயவைப்போம். அப்புறம்தான் புதுப் பலகை, அப்புறம்தான் பெயிண்டு.

அந்த "அப்புறம்" எப்போது வரும் என்பது உன் கையில் இருந்தது. சுவரில் ஒரு முழ பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போவாய். மறுநாள் பார்ப்பாய். உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவர் இன்னும் ஈரம். வேர்க்காத நாளில்தான் காதிலிருந்து பென்சிலை எடுத்து, சுவரிலேயே ஒரு வட்டம் போட்டு, உள்ளே "ச", பக்கத்தில் "காய்ந்தது" என்று எழுதுவாய். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற மாதிரி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாய். நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? "மச்சான், சுவரு காயுதோ இல்லையோ, உன் பக்கத்துல நின்னு நான் காஞ்சு போறேன்லா."

சிரிக்க மாட்டாய். "நீ காஞ்சா நல்லதுதான், கொஞ்சம் வாய் மூடும்" என்பாய்.

உலு திராமில் கமலா வீடு ஞாபகம் இருக்கிறதா? மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய வீடு. அந்த வேலையின் பாதியில்தான் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாய். "சாமி ரூம் செவுரு மட்டும் பாக்கி. அவசரப்படாத" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாய்.

மற்ற சுவரெல்லாம் காய்ந்துவிட்டன. சாமி ரூம் சுவர் மட்டும் பிடிவாதம் பிடித்தது, உன்னை மாதிரியே. அதற்குள் கமலா கோயிலில் கேட்டு, திரும்பக் குடிவர நாள் குறித்துவிட்டாள். அந்த ரூமில் படங்களை மாட்டி, விளக்கேற்றி, பிறகு பால் காய்ச்ச வேண்டும். அந்த நாளை விட்டால் அடுத்த நல்ல நாள் ஒரு மாதம் கழித்து. மூன்று வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் சொந்தக்காரர் வீட்டு ஹாலில் படுத்திருந்தாள்.

"அண்ணே, சுவரு எப்போ காயும்? சாமிகிட்டதான் கேக்கணுமா?" என்றாள்.

"சாமிக்கே இந்த ரூமுதானம்மா வீடு. அவரும் வெளியதான் நிக்கிறாரு" என்றேன். நான் வேடிக்கை பேசினேன். அவள் அழுதுவிட்டாள்.

அன்றைக்குத்தான் அதைச் செய்தேன், மச்சான். பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். வேர்த்திருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்தேன். மறுபடி ஒட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரும்மா, வறண்டு கெடக்கு." அதோடு விட்டேனா? வேனிலிருந்து உன் பென்சிலை எடுத்து வந்து வட்டம் போட்டேன், "ச" போட்டேன், "காய்ந்தது" என்று எழுதினேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் நான், என் பெயரே எனக்குக் கோணலாகத்தான் வரும். உன் எழுத்து மட்டும் அச்சு மாதிரி வந்தது. கையோடு அதன் மேல் புதுப் பலகையையும் அடித்து மூடினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். மூக்கில் குழாயோடு நீ கேட்டது ஒன்றே ஒன்று. "பிளாஸ்டிக் வேர்த்துச்சா?"

"இல்ல மச்சான்."

கண்ணை மூடிக்கொண்டாய். அடுத்த வாரம் போய்விட்டாய். நீ நம்பிவிட்டுப் போனாயா, நம்பாமல் போனாயா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு மல்லிகா செனாய் பேக்டரி வேலையை விட்டுவிட்டு நம் வேனை எடுத்துக்கொண்டாள். கதவில் உன் பெயரை எழுதிவைத்தாள்: "சன்னாசி காய்ந்தது என்றால் காய்ந்ததுதான்." நான் பார்த்துவிட்டு, "எழுத்து பெருசா இருக்கு, உங்கப்பா வயிறு மாதிரி" என்று கிண்டல் செய்தேன். அப்புறம் அந்தக் கதவுப் பக்கம் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

போன மாதம் கமலா போன் செய்தாள். சாமி ரூமில் ஒரு வாடை, பிள்ளைக்கு மூச்சிழுப்பு விடவே இல்லை, டாக்டர் வீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றாள். மல்லிகாவும் நானும் போனோம். பலகையைக் கழற்றினோம். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூசணம். அதன் நடுவில், மச்சான், உன் வட்டம்.

கமலா கிட்டே போய்ப் பார்த்தாள். "இது உங்கப்பா எழுத்துதானே மல்லிகா? காய்ந்ததுன்னு எழுதியிருக்காரே?"

மல்லிகா விரலால் தடவிப் பார்த்தாள். "மன்னிச்சிருங்கக்கா. அப்பாவுக்கு அப்போ உடம்பு சரியில்ல. எங்கயோ தப்பாப் பாத்துட்டாரு போல."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் ஓயாதவன் என்று நீ திட்டுவாயே, அந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. பூசணத்தைச் சுரண்டி எடுத்தேன், மெஷினைப் போட்டேன், வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். மூன்று நாள் இப்படியே ஓடியது. செத்தவன்தானே, அவனுக்கு என்ன கெட்டுவிடும் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். உயிரோடு இருந்த காலத்தில் ஒரு சுவரில்கூட நீ பொய் எழுதியதில்லை. செத்த பிறகு உன்னைப் பொய்யனாக்கிவிட்டு நான் சோறு தின்றேன்.

நாலாம் நாள் வேன் கதவு வெறுமையாக இருந்தது. "அந்த வரிய அழிச்சிட்டேன் மாமா. இனிமே அத வச்சிருந்தா அசிங்கம்" என்றாள் மல்லிகா. சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிற மாதிரி கண்ணாடியைத் துடைத்தாள்.

அதற்கு மேல் தாங்கவில்லை. "வண்டிய எடு, கமலா வீட்டுக்குப் போலாம்" என்றேன். அந்தச் சுவருக்கு முன்னால் இரண்டு பேரையும் நிற்க வைத்து, துண்டு, பென்சில், வட்டம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வேடிக்கை வார்த்தைகூட வரவில்லை.

கமலா சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "நான் அழுததுனால செஞ்சீங்களா அண்ணே?" என்றாள்.

"நீ அழுத. பொய்ய எழுதினது என் கைம்மா."

"என் பிள்ள ஒரு வருஷமா இழுத்துக்கிட்டு கெடக்கு." அதற்கு மேல் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னும் பார்க்கவில்லை.

மல்லிகா வெளியே போய் வேனில் சாய்ந்து நின்றாள். "அப்பா தப்பாப் பாக்கல இல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை இல்லை என்றேன். "அப்போ பேப்பர்ல எழுதுங்க. உலு திராமே படிக்கட்டும். பென்சில மட்டும் இனிமே தொடாதீங்க மாமா." கொடுத்துவிட்டேன். அது இப்போது அவள் காதில் இருக்கிறது. உன் காது மாதிரியே அவளுக்கும் விடைத்த காது, பாவம்.

கதவில் அந்த வரி இன்னும் திரும்ப வரவில்லை. சுவர் காயட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாள். பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கிறது, இழுப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். கமலா புது நாள் எதுவும் குறிக்கவில்லை.

தினமும் காலையில் நான்தான் போய் பிளாஸ்டிக்கைப் பிரித்துப் பார்க்கிறேன். கமலா கதவைத் திறந்துவிட்டு சமையற்கட்டுக்குப் போய்விடுகிறாள். இன்றைக்கும் வேர்த்திருந்தது. அப்படியே மல்லிகாவிடம் காட்டினேன். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறேன், மச்சான். சுவர் காய எத்தனை நாள் ஆனாலும் அத்தனை நாளும் போவேன். வேர்த்தால் வேர்த்தது என்றே சொல்வேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் பேரை வாங்கி, அழுக்காக்கி, திருப்பித் தருகிற மச்சான்
முனியாண்டி